லினக்ஸ் லேப்டாப்பில் பிராட்பேண்ட் ஓடாதாமே, உண்மையா?

2024 ஜூன் 8, சனி: கேள்வி

தென்காசியிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். அப்படியே தருகிறேன்.

"போன வாரம் வீட்டுக்கு ஃபைபர் லைன் போட்டோம். பெட்டி கீழே ஹாலில் இருக்கிறது. மாடியில் மகள் அறைக்கு வைஃபை எட்டவில்லை. கடையில் ஒரு ரூட்டர் வாங்கி, கீழேயிருந்து கேபிள் இழுத்து மாடியில் வைத்தோம். மகளிடம் இருப்பது பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப், அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டு வைத்திருக்கிறாள். மாடி ரூட்டரில் 'கனெக்டட்' என்று காட்டுகிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. கீழே என் போனில் நெட் பிரமாதமாக வருகிறது. லைன் போட வந்த பையனைக் கேட்டால், லினக்ஸுக்கெல்லாம் ஓடாது சார், விண்டோஸ் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள் என்கிறார். போடத்தான் வேண்டுமா?"

2024 ஜூன் 8, இரவு

வேண்டாம். மகள் பாடமெல்லாம் அந்த லேப்டாப்பில்தானே இருக்கும், அதை அழித்துவிடாதீர்கள்.

ரூட்டருக்கு எதிர்ப்பக்கம் என்ன சிஸ்டம் இருக்கிறது என்பது தேவையே இல்லை. லேப்டாப் "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று கேட்கும், ரூட்டர் ஒரு எண்ணைக் கொடுக்கும், இதற்குப் பெயர் டிஎச்சிபி. டிவி, போன், கேமரா, லினக்ஸ், விண்டோஸ் எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கின்றன. ரூட்டரை அமைக்கவும் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். பிரவுசரில் அதன் எண்ணை அடித்தால் பக்கம் திறக்கும், அவ்வளவுதான்.

கனெக்டட் ஆகியும் பக்கம் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு) கோளாறு. நெட்வொர்க் அமைப்பில் ஐபிவி4 பகுதிக்குப் போய் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 (எல்லோருக்கும் திறந்திருக்கும் டிஎன்எஸ் எண்கள்) போட்டுப் பாருங்கள். நாளைக்குச் சரியாகிவிடும்.

2024 ஜூன் 9, காலை

நேற்று அவசரப்பட்டுவிட்டேன். கேள்வியை இன்று காலையில் நிதானமாக இன்னொரு தடவை படித்தேன். "கீழே என் போனில் வருகிறது, மாடியில் வரவில்லை" என்பதுதான் அதில் முக்கியமான வரி. அதை விட்டுவிட்டு டிஎன்எஸ் என்று சொன்னது தப்பு. மாற்றியிருந்தால் பழையபடி வைத்துவிடுங்கள், நான் ஒரு ஊகத்துக்குச் சொன்னதை வைத்துக்கொண்டு அடுத்தடுத்து நான்கு இடத்தில் கை வைத்தால் அப்புறம் எது கெட்டது என்றே தெரியாமல் போய்விடும்.

வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? எடுத்தவுடன் குழாயை மாற்ற மாட்டோம். டேங்கில் தண்ணீர் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்போம். இதுவும் அப்படித்தான். நெட் எதுவரை போகிறது என்று பாருங்கள்.

டெர்மினலைத் (கட்டளை தட்டும் திரை) திறந்து மூன்றே வேலை. (போனில் தமிழ் கீபோர்டில் அடிக்கிறேன், கட்டளைகளையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். டெர்மினலில் மட்டும் ஆங்கிலத்தில் தட்டச் சொல்லுங்கள்.)

ஐபி, இடைவெளி, ரூட் (எழுத்து ஆர், ஓ, யூ, டி, ஈ) என்று தட்டினால் முதல் வரியில் "டிஃபால்ட் வயா" என்று வந்து பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அதுதான் வாசல். அந்த எண்ணுக்கு பிங் (இருக்கிறாயா என்று கேட்டுப் பதில் வாங்கும் கட்டளை) போடுங்கள். பதில் வந்தால் ரூட்டர் வரை சரி. அப்புறம் 8.8.8.8-க்கு பிங். பதில் வந்தால் வெளியுலகம் வரை சரி. கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு பிங். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால்தான் டிஎன்எஸ் மேல் பழி போட முடியும்.

மூன்றும் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். கீழே இருக்கும் பெட்டி, மாடி ரூட்டர் இரண்டின் அடியிலும் ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்நுழையும் எண் என்ன என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

2024 ஜூன் 10

அண்ணன் அனுப்பிய விவரம்: வாசல் 192.168.1.1. அதற்கு பிங் போகிறது. 8.8.8.8-க்குப் போகவில்லை. கீழ்ப் பெட்டி ஸ்டிக்கரில் 192.168.1.1. மாடி ரூட்டர் ஸ்டிக்கரிலும் 192.168.1.1.

கிடைத்துவிட்டது. லினக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கும் கதவு எண் 1 என்றால் தபால்காரர் என்ன செய்வார்? மாடி ரூட்டருக்கு ஒரு பக்கம் உங்கள் லேப்டாப், மறுபக்கம் கீழ்ப் பெட்டி. கீழ்ப் பெட்டி அதற்கு 192.168.1-இல் தொடங்கும் ஒரு எண்ணைக் கொடுத்து, "வெளியே போக 192.168.1.1-இடம் கொடு" என்கிறது. ஆனால் மாடி ரூட்டரோ தன்னையே 192.168.1.1 என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. லேப்டாப் அனுப்பியதை வெளியே தள்ள வழியில்லாமல் அங்கேயே நின்றுபோகிறது. உங்கள் பிங்குக்குப் பதில் சொன்ன 192.168.1.1 மாடி ரூட்டர்தான், கீழே இருப்பது இல்லை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பார்க்கலாம். மாடி ரூட்டரில் இருக்கும்போது ஐபி, இடைவெளி, நெய் என்று தட்டுங்கள் (எழுத்து என், ஈ, ஐ, ஜி, எச்). 192.168.1.1-க்குப் பக்கத்தில் இரண்டிரண்டு எழுத்தாக ஆறு ஜோடி வரும், அது மேக் முகவரி, ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாளம். லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய் ஃபைபர் பெட்டியில் சேர்த்து அதே கட்டளையை இன்னொரு முறை தட்டினால், அதே 192.168.1.1-க்கு வேறு ஆறு ஜோடி வரும். இரண்டையும் அந்தந்தப் பெட்டியின் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்டிக்கரில் இருப்பதிலிருந்து கடைசி எழுத்து ஒன்றிரண்டு தள்ளி இருக்கலாம், முன்பாதி பொருந்தும்.

இப்போது வரும் சில ரூட்டர்கள் இப்படி மோதினால் தாமே நகர்ந்துகொள்ளும். உங்களுடையது நகரவில்லை போலிருக்கிறது.

தீர்வு: லேப்டாப்பை மாடி ரூட்டரில் சேர்த்து, பிரவுசரில் 192.168.1.1 போட்டு உள்ளே போய், லேன் (வீட்டுப் பக்கம்) அமைப்பில் அதன் எண்ணை 192.168.2.1 என்று மாற்றிச் சேமியுங்கள். அது ஒருமுறை அணைந்து எழும். லேப்டாப் வைஃபையை அணைத்துப் போடுங்கள், புது எண் வாங்கிக்கொள்ளும். 192.168-இல் தொடங்குபவை எல்லாமே வீட்டுக்குள் புழங்கத் தனியாக ஒதுக்கி வைத்தவை, 10-இல் தொடங்குபவையும் அப்படித்தான். பயப்படாமல் எதை வேண்டுமானாலும் போடலாம், கீழ்ப் பெட்டியோடு மோதாமல் இருந்தால் போதும்.

2024 ஜூன் 10, இரவு

நெட் வந்துவிட்டதாம்! மகள் மாடியிலிருந்து கத்தியது கீழே கேட்டது என்று எழுதியிருக்கிறார். சந்தோஷம்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கும் அமைப்பில் மாடி லேப்டாப் ஒரு வலையில், கீழே இருக்கும் போனும் டிவியும் வேறு வலையில். கீழே பிரின்டர் வைத்தால் மாடியிலிருந்து தானாகத் தெரியாது. மாடி ரூட்டரை வெறும் அக்சஸ் பாயின்ட் (தானே எண் கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் பெட்டி) ஆக்கிவிட்டால் வீடு முழுக்க ஒரே வலை. பல ரூட்டர்களில் "ஏபி மோட்" என்று ஒரு தேர்வே இருக்கும். இல்லை என்றால் கையால் செய்யலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் லேன் எண்ணை 192.168.1.2 ஆக்கிச் சேமிக்க வேண்டும். அதற்குப் பிறகு டிஎச்சிபியை அணைக்க வேண்டும். கடைசியில் கேபிளை வான் (வெளியிலிருந்து நெட் வரும்) போர்ட்டிலிருந்து கழற்றி லேன் போர்ட் ஒன்றில் செருக வேண்டும். அந்த 2 என்ற எண்ணைக் கீழ்ப் பெட்டி வேறு யாருக்கும் கொடுத்துவிடாதபடி அதன் டிஎச்சிபி வரம்பை 10-இலிருந்து தொடங்கும்படி வைத்துவிடுங்கள்.

என் கடையில் ஒருமுறை டிஎச்சிபியை முதலில் அணைத்துவிட்டேன். லேப்டாப்புக்கு எண் கொடுக்க ஆளில்லை, ரூட்டர் பக்கம் திறக்கவில்லை. லேப்டாப்புக்குக் கையால் 192.168.1.50 என்று எண் போட்டு உள்ளே போய்த்தான் மீட்டேன்.

2024 ஜூன் 12

"லினக்ஸுக்கு ஓடாது" என்ற பேச்சு எனக்குப் புதிது இல்லை. 2007-இல் மதுரையில் டிடிபி கடைக்கு டிஎஸ்எல் லைன் வாங்கினேன். போன் ஒயரில் வருமே, அது. அப்போது தபாலில் இலவசமாக வரவழைத்த உபுண்டு சிடியை வைத்துக் கடையில் ஒரு கம்ப்யூட்டரை ஓட்டிக்கொண்டிருந்தேன். லைன் போட வந்தவர் மோடத்தோடு ஒரு சிடி கொண்டுவந்தார், போட்டால் ஓடவில்லை. விண்டோஸ் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஃபாரத்தை மூடி வைத்துவிட்டார்.

மோடத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் இரண்டு ஓட்டை. ஒன்று யுஎஸ்பி, இன்னொன்று ஈதர்நெட். அவர் செருகியிருந்தது யுஎஸ்பியில். அந்த சிடி யுஎஸ்பி வழிக்கான டிரைவர் மட்டும்தான். கம்ப்யூட்டரின் பின்புறம் லேன் போர்ட் சும்மா இருந்தது. கேபிளை எடுத்து இங்கே ஒரு முனை, அங்கே ஒரு முனை செருகினேன். பச்சை விளக்கு மினுக்கியது. டெர்மினலில் பிபிபிஓஇகான்ஃப் என்ற நிரலை ஓட்டினேன், நீலத் திரையில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டது, யூசர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்தேன், ஐந்து நிமிடத்தில் நெட். அந்த மனிதர் என்னிடம் அந்த நிரலின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போனார். இதைச் சொல்லியே ஆக வேண்டும். தெரியாததைத் தெரிந்துகொள்ள அவருக்குத் தயக்கமே இல்லை. அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போதே விண்டோஸ் ஒன்றைத்தான் காட்டுகிறார்கள், ஒரு நாளைக்கு இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்றும் வைக்கிறார்கள். தென்காசிக்கு வந்த பையன் மேலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டு எத்தனை பேர் நன்றாக ஓடும் கம்ப்யூட்டரை அழித்திருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அரசு மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியபோது விண்டோஸோடு போஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் சென்னையில் உருவாக்கியது அது. நம் ஊர்ப் பிள்ளைகள் கைக்குப் பள்ளிக்கூடத்திலேயே லினக்ஸ் வந்துவிட்டது. லைன் போடுபவர்களுக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை.

2024 ஜூன் 13

மேலே சொன்னதில் ஒரு விஷயம் விட்டுப்போனது, ஒருவர் தனியாகக் கேட்டார். அவர் வீட்டில் சில தளம் திறக்கிறது, சில தளம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, மெயில் படிக்க முடிகிறது, படம் இணைத்து அனுப்பினால் நிற்கிறது.

பிபிபிஓஇ (யூசர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து நுழையும்) லைன் என்றால் முதலில் எம்டியூ-வைப் பாருங்கள், அதாவது ஒரு தரவுப் பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை போகும். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. சின்னப் பொட்டலம் எல்லாம் போய்விடும், முழு அளவுப் பொட்டலம் மட்டும் வழியில் மாட்டும். அதனால்தான் மெயில் படிக்க முடிகிறது, படம் போகவில்லை. சோதிக்க, பிங் கட்டளையில் "துண்டாக்காதே" என்று சொல்லும் விருப்பத்தைச் சேர்த்து (கோடு, பெரிய எம், இடைவெளி, டு; டு-வின் எழுத்து டி, ஓ) அளவை 1472 வையுங்கள். 28 பைட் தலைப்போடு சேர்த்து 1500 ஆகும். அது போகாமல் 1464 மட்டும் போனால் பெரும்பாலும் இதுதான் நோய். ரூட்டரின் வான் பக்கத்தில் எம்டியூ 1492 என்று போடுங்கள்.

அன்றைக்கு பிபிபிஓஇகான்ஃப் கேட்ட கேள்விகளில் ஒன்று எம்எஸ்எஸ்-ஐ (ஒரு பொட்டலத்துக்குள் போகும் சரக்கின் அளவு) 1452 என்று கட்டுப்படுத்தட்டுமா என்பது. அர்த்தம் தெரியாமலேயே ஆமாம் என்று அழுத்தினேன். ஏன் அழுத்தினோம் என்று புரிந்தது இரண்டு வருஷம் கழித்து, பக்கத்துக் கடையில் இதே தொல்லை வந்தபோதுதான்.

2024 ஜூன் 16

தென்காசி அண்ணன் திரும்ப வந்தார். 150 எம்பிபிஎஸ் லைன், கீழே போனில் 140 வரை காட்டுகிறது, மாடியில் 94-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது.

94 என்ற எண்ணைக் கண்டால் உடனே கேபிளைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் தலைப்புகள் போக மிஞ்சுவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். கேபிளுக்குள் எட்டு ஒயர், நான்கு ஜோடி. 100-க்கு இரண்டு ஜோடி போதும், ஆரஞ்சும் பச்சையும். 1000-க்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு ஒயர் அறுந்தாலும் இரண்டு முனையும் பேசிப் பார்த்துவிட்டு 100-க்கு இறங்கிவிடும். நெட் ஓடும், விளக்கு எரியும், யாருக்கும் சந்தேகமே வராது.

மாடி ரூட்டரில் செருகியிருக்கும் முனையைக் கழற்றி லேப்டாப்பில் நேரடியாகச் செருகுங்கள். ஈத்டூல் என்று தட்டி, பக்கத்தில் லேன் கார்டின் பெயரைக் கொடுங்கள் (ஐபி, இடைவெளி, லிங்க் என்று தட்டினால் பெயர் தெரியும்). ஸ்பீடு என்ற வரியில் 1000 இருந்தால் கேபிள் நல்லது. 100 என்றால் பெரும்பாலும் எங்கேயோ ஒரு ஒயர் போய்விட்டது. அல்லது மாடி ரூட்டரின் போர்ட்டே 100-தான் என்றால் கேபிள் 1000 காட்டினாலும் பயனில்லை, அட்டைப்பெட்டியில் கிகாபிட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

2024 ஜூன் 17

100 காட்டியதாம். கேபிள் மாடிப்படிக் கதவின் கீழே போகிறது, ஒரு இடத்தில் தட்டையாக நசுங்கியிருக்கிறது. போட்டோ அனுப்பியிருந்தார். உறை வெடித்து, உள்ளே பழுப்பு ஒயரின் செம்பு வெளியே தெரிகிறது. கதவை ஒவ்வொரு தடவை மூடும்போதும் அதன் மேல் ஏறி இறங்கியிருக்கிறது.

அங்கே ஒட்டுப்போட வேண்டாம். கேபிள் நீளம் மிச்சம் இருந்தால் நசுங்கிய இடத்தோடு வெட்டிவிட்டுப் புது முனை போடுங்கள். வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. கிளிப் அடிப்பக்கம் இருக்க, செம்புப் பின்கள் உங்களைப் பார்க்க, இடமிருந்து வலம். பச்சை ஜோடி நீலத்தை நடுவில் விட்டுப் பிரிந்து உட்காரும், புதிதாக முனை போடுபவர்கள் தவறுவது அந்த இடத்தில்தான். பச்சை வெள்ளைக்குப் பக்கத்திலேயே பச்சையைப் போட்டுவிடுவார்கள். இந்த முறை கேபிளைக் கதவுக்கு மேலே கொண்டுபோங்கள்.

நேற்று "ஒரு ஒயர் அறுந்தாலும் 100-க்கு இறங்கிவிடும்" என்று எழுதியதில் ஒரு திருத்தம். எல்லாக் கார்டும் இறங்காது. சில கார்டுகள் 1000-இல்தான் பேசுவேன் என்று முயன்று முயன்று விளக்கே எரியாமல் நின்றுவிடும். அப்போது ரூட்டர் செத்துவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், வேறு கேபிள் ஒன்றைச் செருகிப் பாருங்கள்.

2024 ஜூன் 22

வைஃபையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு. ரூட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

எங்கள் வீட்டில் லைன் போட்டவர் ஜன்னல் பக்கம் எது வசதியோ அங்கே மாட்டிவிட்டுப் போனார். அது பீரோவுக்குப் பின்னால். ஆறடி இரும்புத் தகடு. அதைத் தாண்டி அலை வர வேண்டும். அடுப்படியில் உட்கார்ந்து லேப்டாப்பில் அளந்தேன் (ஐடபிள்யூ என்ற கட்டளையில் லிங்க் என்று கேட்டால் சிக்னல் வரும்), மைனஸ் 79. ரூட்டரைக் கழற்றிப் பரண் விளிம்புக்கு ஏற்றினேன், மைனஸ் 61. பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது, அதுவும் மூன்று எண் குறைந்தாலே சக்தி இரட்டிப்பு என்று கணக்கு. காசு செலவில்லை, ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் போதும்.

வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 என்ற மூன்று சேனல்தான் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கும். என்எம்சிஎல்ஐ, டெவ், வைஃபை என்று தட்டினால் அக்கம்பக்கத்து வீடுகள் எந்தச் சேனலில் இருக்கின்றன என்று பட்டியலே வரும். கூட்டம் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவர் தாண்டுவதில் நோஞ்சான்.

லேப்டாப்பில் நெட் வருகிறது, ஆனால் வகுப்பில் சார் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்று தென்காசிப் பெண் கேட்டிருந்தாள். பிங் ஒன்றை ஓடவிட்டுப் பாரம்மா. ஒன்று 3, அடுத்தது 180, அப்புறம் 5 என்று தாறுமாறாக வந்தால் வைஃபை கார்டு மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கித் தூங்கி விழிக்கிறது என்று அர்த்தம். நெட்வொர்க்மேனேஜர் அமைப்புக் கோப்புறையில் வைஃபை பவர்சேவ் என்று ஒரு கோப்பு இருக்கும், அதில் 3 என்று இருப்பதை 2 ஆக்கி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய். 3 என்றால் சேமி, 2 என்றால் சேமிக்காதே. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், குரல் நன்றாகக் கேட்கும்.

2024 ஜூன் 23

சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாள். பேட்டரி அரைமணி நேரம் குறைகிறதாம், பரவாயில்லையாம்.

2024 ஜூன் 29

நெட் வந்த சந்தோஷத்தில் எல்லோரும் விட்டுவிடும் வேலை ஒன்று இருக்கிறது. ரூட்டர் பக்கத்தின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றினீர்களா? வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. ஸ்டிக்கரில் இருப்பதை அப்படியே வைத்திருந்தால், வீட்டுக்கு வந்து வைஃபை கேட்ட யாரும் உள்ளே போய் டிஎன்எஸ்-ஐ மாற்றிவிட்டுப் போகலாம்.

டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு அடிக்காமல் வைஃபையில் சேரும் வசதி) என்பதையும் அணைத்துவிடுங்கள். அதன் ரகசிய எண் எட்டு இலக்கம், ஆனால் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு, மிச்சம் ஏழு. அந்த ஏழையும் ரூட்டர் முதல் நான்கு, அடுத்த மூன்று என்று தனித்தனியாகச் சோதிக்கிறது. அதனால் ஒரு கோடி முயற்சி தேவைப்பட வேண்டிய இடத்தில் பத்தாயிரமும் ஆயிரமும் சேர்த்துப் பதினோராயிரம் முயற்சியே போதும். 2011 டிசம்பரிலேயே இது வெளியே வந்துவிட்டது. அதற்கு முன் வந்த பழைய ரூட்டர் வைத்திருப்பவர்கள் அவசியம் பாருங்கள்.

2024 ஜூலை 3

ஒரு தம்பி கேட்டார், ரூட்டருக்குள் என்ன சிஸ்டம் ஓடுகிறது என்று. நல்ல கேள்வி. வீட்டு ரூட்டர்களில் ஏராளமானவற்றுக்குள் ஓடுவது லினக்ஸ்தான்! லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்று ஒரு நீலப் பெட்டி 2002 கடைசியில் வந்தது. அதற்குள் லினக்ஸ் இருக்கிறது என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்து, ஜிபிஎல் உரிமப்படி மூலநிரலைக் கொடுங்கள் என்று கேட்டார்கள், 2003-இல் கொடுத்தார்கள். அதை வைத்துத் தொடங்கியதுதான் ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் லினக்ஸ், 2004-இல். இன்றைக்கும் அது உயிரோடு இருக்கிறது, பழைய ரூட்டர்கள் பலவற்றில் போடலாம். ஆனால் உங்கள் மாடல், அதன் வெர்ஷன் எண், இரண்டும் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஒரே பெயரில் வெர்ஷன் 1-க்கும் 4-க்கும் உள்ளே சில்லே வேறாக இருக்கும். அதைவிட முக்கியம், லைன்காரர் கொடுத்த ஃபைபர் பெட்டியில் இதை முயலாதீர்கள், லைனே போய்விடும். நீங்கள் வாங்கிய ரூட்டரில் மட்டும்.

2024 ஜூலை 7

தென்காசிப் பெண்ணின் கேள்வி: வைஃபைக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். என் கடை வைஃபை பெயர் இத்தனை வருஷமாகத் தமிழில்தான். ஒரே வரம்பு, பெயர் 32 பைட்டுக்குள் இருக்க வேண்டும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் தமிழ் எழுத்து ஒன்றுக்கு 3 பைட். ஆக, பத்து எழுத்து.

பாஸ்வேர்டைத் தமிழில் வைக்க முடியாது. அது 8 முதல் 63 வரை சாதாரண ஆங்கிலக் குறிகளாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதலாமே. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொல். அகராதியை வைத்து உடைப்பவர்களுக்கு நம் ஊர்ச் சொல்லை நாம் எழுதும் எழுத்துக்கூட்டில் பிடிப்பது சுலபம் இல்லை.

2024 ஜூலை 8

பத்து எழுத்து என்று சொன்னது தப்பு. நாள் முழுக்கத் தமிழ் அச்சுக் கோக்கிற நான் இதை விட்டிருக்கக் கூடாது, கேட்டவளுக்குக் கணக்கு இடித்திருக்கும்.

கம்ப்யூட்டர் எண்ணுவது நாம் எண்ணுவது போல இல்லை. "டு" நமக்கு ஒரு எழுத்து, அதற்கு ட ஒன்று, உகரக் குறி ஒன்று, மொத்தம் இரண்டு. புள்ளியும் தனி. "ங்" என்றால் இரண்டு. கொம்பு, கால், சுழி எல்லாவற்றுக்கும் 3 பைட். ஆக, "எங்கள்வீடு" நமக்கு ஆறு எழுத்து: எ, ங், க, ள், வீ, டு. கம்ப்யூட்டருக்குப் பத்து குறி, 30 பைட். இதோடு ஒரு எழுத்தைச் சேர்த்தாலும் இடம் இல்லை. நடுவில் இடைவெளி விட்டால் அது 1 பைட் மட்டும், 31, அதுவரை தாங்கும்.

சில ரூட்டர்களின் அமைப்புப் பக்கம் தமிழைச் சேமிக்கவே மறுக்கும், சில சேமித்துவிட்டுக் கேள்விக்குறியாகக் காட்டும். மறுத்தால் வேறு பிரவுசரில் ஒருமுறை முயன்று பாருங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் அந்த ரூட்டரில் முடியாது.

2024 ஜூலை 14

வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வர ஒரு கதவு) திறந்தேன், வரவில்லை என்று ஒருவர். ரூட்டரின் வான் எண்ணைப் பாருங்கள். அது 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் இருந்தால், உங்களைப் போலப் பல வீடுகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருக்கின்றன. நீங்கள் திறந்த கதவு வீட்டுக்குள்தான், தெருக் கதவு லைன்காரர் கையில். பொது ஐபி கேளுங்கள், பெரும்பாலும் மாதக் கட்டணம் கேட்பார்கள். ஐபிவி6 (புது முகவரி முறை, அதில் ஒரு முகவரியை இப்படிப் பல வீடுகள் பங்கிட வேண்டியதில்லை) வருகிறதா என்றும் பாருங்கள்.

2024 ஜூலை 21

தென்காசியிலிருந்து போட்டோ வந்திருக்கிறது. கேபிள் இப்போது கதவுக்கு மேலே, நான்கு கிளிப் அடித்து நேராகப் போகிறது. புது முனையை மகளே கிரிம்ப் செய்தாளாம், முதல் முனையில் பச்சையைத் தப்பாகப் போட்டு வெட்டியெறிந்துவிட்டு இரண்டாவது முனையில் சரியாக வந்திருக்கிறது. ஈத்டூல் 1000 காட்டுகிறது. மாடியில் 138.

கீழே, வைஃபை பட்டியலின் படம். அக்கம்பக்கத்து ஆங்கிலப் பெயர்களுக்கு நடுவில் ஒரே ஒரு தமிழ்ப் பெயர்: மாடிவீடு. பக்கத்திலேயே அவள் கையால் எழுதியிருந்தாள், "8 குறி, 24 பைட், எண்ணிப் பார்த்தேன்."